மூன்றாம் மாடிக்காரி

“ஒரு மலை ஏறிக் காட்டுங்கோ பாப்பம்” என்று ஜோன்சன் தொலைபேசியில் சொன்னது பகிடிக்குத்தான். கொறற்றியிடம் பகிடி விடுகிறவன் நாலு தரம் யோசித்துவிட்டு விடவேண்டும் என்பது நாற்பத்தைந்து வயதாகியும் அவனுக்கு விளங்கவில்லை. கூடப்பிறந்த தம்பி, விளங்கியிருக்க வேண்டும்.

“எந்த மலை? எத்தினை மணிக்கு?” என்று அவள் உடனே கேட்டாள்.

விஷயம் இதுதான். கொறற்றிக்கு ஐம்பத்தாறு வயது, கலியாணம் கட்டவில்லை. ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பத்தொன்பது வருடமாகத் தனியே இருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. மாசி மாதம் அவளுடைய வலது முழங்கால் மூட்டை மாற்றி வைத்தார்கள். அன்று தொடக்கம் அவளுடைய வீடு தம்பியின் கண்ணுக்குள் குத்தத் தொடங்கிவிட்டது. லிஃப்ட் இல்லை, விழுந்தால் ஆர் தூக்குவது, கொலோனில் என்ரை வீட்டுக் கீழறை சும்மாதானே கிடக்கு, வந்து இருங்கோ. இதையே கிழமைக்கு மூன்று தரம் சொன்னான். சொன்னதோடு நின்றானா? வீட்டை விடுகிறேன் என்று வீட்டுக்காரருக்கு எழுதவேண்டிய கடிதத்தையும் தானே ஜெர்மனில் அடித்து வைத்துவிட்டான். அவளுடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை அறை, கால்வாய் தெரிகிற குசினி யன்னல், வாசலில் ஓர் அழைப்புமணி. அந்த மணிக்குப் பக்கத்தில் அவளுடைய பெயர் மட்டும் தனியே எழுதியிருக்கிறது. இந்த உலகத்தில் வேறெங்கும் அவளுடைய பெயர் அப்படித் தனியே எழுதியிருக்கவில்லை. அதைக் கழற்றிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

பேச்சு இப்படி முடிந்தது. அவள் மலை உச்சிக்கு நடந்து போய்ச் சேர்ந்தால் கடிதம் செல்லாது. சேராவிட்டால் எந்த இடத்தில் நிற்கிறாளோ அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்கவேண்டும்.

ஜோன்சன் தெரிந்தெடுத்தது ஒரு சுண்ணாம்புக் குன்று. சனிக்கிழமை காலை கார்த் தரிப்பிடத்தில் இறங்கியபோதே கொறற்றிக்குச் சிரிப்பு வந்தது. அறிவிப்புப் பலகையில் குடும்பங்களுக்கான பாதை, ஐந்து கிலோமீற்றர் என்று போட்டு, பக்கத்தில் குழந்தை வண்டி ஒன்றும் கீறியிருந்தார்கள். வெண்கட்டித் தூள் கொட்டியது மாதிரி வெள்ளைப் பாதை, இரண்டு பக்கமும் கட்டைப் புல், மேலே செம்மறியாடுகள். ஜோன்சன் காருக்குள்ளிருந்து மடிக்கிற கதிரை ஒன்றை எடுத்துத் தோளில் கொழுவினான். அவனுடைய மனைவி சந்திரகாந்தி பொரித்த றோல்ஸ் நிரம்பிய பெட்டியையும் இரண்டு போத்தல் தேத்தண்ணியையும் எடுத்தாள். நாலு வயது எமில் வண்டிக்குள் ஏறி இருந்துகொண்டான். ஒன்பது வயது டெல்சி கழுத்தில் ஒரு முத்திரை அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். உச்சியில் பெட்டி ஒன்று இருக்கிறதாம், அதற்குள் முத்திரை இருக்கிறதாம், ஏறுகிறவர்கள் தாங்களே எடுத்துக் குத்தலாமாம்.

நூறு அடி போகவில்லை, ஜோன்சன் கதிரையை விரித்துவிட்டான்.

“அக்கா, கொஞ்சம் இருங்கோ.”

“இப்பதானே காரிலையிருந்து எழும்பினன்?”

“டொக்டர் சொன்னவரல்லோ.”

“டொக்டர் நடக்கச் சொன்னவர். இருக்கச் சொன்னது நீ.”

கதிரை மடிந்தது, இன்னொரு வளைவில் விரிந்தது, திரும்பவும் மடிந்தது. எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன் தம்பதி ஊன்றுதடிகளோடு விறுவிறுவென்று அவர்களைத் தாண்டிப் போனார்கள். போகிற போக்கில் காலை வணக்கம் சொல்லி, கதிரையை ஒரு தரம் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆரும் கதிரை தூக்கிக்கொண்டு வரவில்லை என்பதைக் கொறற்றி கவனித்தாள்.

சந்திரகாந்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“மச்சாள், நேர்த்தி ஏதும் வைச்சனீங்களோ?”

“இல்லையே.”

“இல்லை, ஒருதரும் சும்மா மலை ஏறமாட்டினம். கால் சுகப்பட்டால் நடக்கிறன் எண்டு மாதாவுக்குச் சொன்னனீங்களோ எண்டு கேட்டன். அப்பிடியெண்டால் நீங்கள் கஷ்டப்படாதேங்கோ. உங்களுக்காக நான் நடந்து முடிக்கிறன். வீட்டு ஆக்கள் ஆரும் முடிக்கலாம்தானே.”

உண்மையில் அது அன்பான கேள்விதான். கெவலார் மாதா கோவில் திருவிழாவுக்கு எத்தனையோ பேர் தாய்க்காகவும் புருஷனுக்காகவும் நடந்திருக்கிறார்கள், கொறற்றியே இந்தத் தம்பிக்காக ஒருமுறை நடந்திருக்கிறாள். அவனுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று. ஆனாலும் அவளுக்கு முகம் சூடாகியது. அவளுடைய நடையைக்கூட இன்னொருவர் நடந்து முடித்துவிடுவாராம்!

“நேர்த்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. மாதாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. இது என்ரை நடை, சந்திரகாந்தி. நான்தான் நடப்பன்.”

சந்திரகாந்தி வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

முக்கால் வழியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. குழந்தை வண்டிப் பாதை குன்றைச் சுற்றி ஆறுதலாக மேலே போனது. மற்றப் பக்கம் மரக்கட்டைகள் பதித்த படிகள் நேரே உச்சிக்கு ஏறின. கொறற்றி வண்டிப் பாதைக்குத் திரும்பினாள். ஜோன்சன் குறுக்கே வந்து நின்றான்.

“அது கணக்கில்லை, அக்கா. அதாலை எமில்கூடப் போவான். உங்கடை வீட்டுக்குப் படியல்லோ? படியாலை ஏறினால்தான் ஏறினது.”

“நீ மலை எண்டுதான் சொன்னனி. படி எண்டு சொல்லேல்லை.”

“இப்ப சொல்லுறன்.”

ஆட்டத்தின் நடுவில் சட்டத்தை மாற்றுவது சின்ன வயதிலிருந்தே அவனுடைய பழக்கம். அப்போதெல்லாம் தம்பிதானே என்று விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் இவன் இப்படி வந்து நிற்கிறான் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

“சரி. படியாலையே வாறன். நீயும் என்னோடை வா, கதிரையையும் கொண்டுவா.”

சந்திரகாந்தி வண்டியோடு சுற்றுப் பாதையில் போனாள். டெல்சி முதல் ஆளாகப் படிகளில் பாய்ந்து ஏறி மேலே மறைந்துவிட்டாள். கொறற்றி கைபிடிக் கம்பியைப் பிடித்தாள். முதல் நாள் மழை பெய்திருந்ததால் வெள்ளை மண் குழைந்து கட்டைகளில் வழுக்கியது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில் என்று மறுவாழ்வு நிலையத்தில் ஒரு பெண்பிள்ளை சொல்லிக்கொடுத்திருந்தாள். இடதுகாலை வைத்தாள், வலதுகாலைப் பக்கத்தில் சேர்த்தாள். திரும்பவும் இடது, திரும்பவும் வலது. முழங்கால் விட்டு விட்டு வலித்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இது புதிய வலி அல்ல. மூன்று மாதமாகக் குப்பைப் பையோடும் கடிதப் பெட்டிச் சாவியோடும் தன் வீட்டுப் படிகளில் நாளுக்கு இரண்டு தரம் பழகிய வலி. அதைத் தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

இருபத்தைந்தாவது படியில் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். நடுவில் இருந்த சின்னத் தட்டில் ஜோன்சன் கதிரையை விரித்து, தானே அதில் இருந்துகொண்டு, சேட்டின் முன்பக்கத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சப்பாத்து இரண்டும் வெள்ளையாகியிருந்தன.

“ஏலாதோ தம்பி?” என்று கேட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. “அக்கா, நீங்கள் வராட்டில் எமிலை ஆர் பாக்கிறது?” என்றான்.

அவன் சொல்ல நினைத்து வந்த வார்த்தை அல்ல அது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சந்திரகாந்திக்குக் கிழமைக்கு இரண்டு நாள் மாலை வேலை, தனக்கோ எப்போதும் பின்னேர வேலை, பிள்ளையைப் பார்க்க ஒருவரும் கிடைக்கவில்லை என்று கதிரையில் இருந்தபடியே மெல்லச் சொன்னான். கொறற்றி கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். முழங்காலைவிட இது கூட வலித்தது. விழுந்தால் ஆர் தூக்குவது, லிஃப்ட் இல்லை, இந்தக் கதையெல்லாம் இதற்குத்தானா!

“அதை நீ கேட்டிருக்கலாமே, ஜோன்சன்.”

“எப்பிடிக் கேக்கிறது?”

“வாயாலை. அந்த ரெண்டு நாளும் நான் வேலை முடிய ரெயினிலை வாறன். எமிலைப் பாக்கிறன். இரவுக்கு உன்ரை கீழறையிலை படுத்திட்டு, விடிய எழும்பி என்ரை வேலைக்குப் போறன், வேலை முடிய என்ரை வீட்டை போறன். கேட்டால் வருவன். பிடிச்சுக் கட்டினால் வரமாட்டன்.”

அவன் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. திரும்பி ஏறினாள். மிச்சம் இருபத்தொரு படி.

உச்சியில் காற்று அடித்தது. டெல்சி மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் அட்டையில் குத்திய முத்திரையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நீல மையில் ஒரு செம்மறியாடும் குன்றின் பெயரும். கொஞ்ச நேரத்தில் சந்திரகாந்தியும் வண்டியோடு வந்து சேர்ந்தாள். கடைசியாக, கதிரையோடு, ஜோன்சன் வந்தான்.

“கடிதத்தை எடு” என்றாள் கொறற்றி.

அவன் தோள்பையிலிருந்து எடுத்துக் கிழிக்கப் போனான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கிழியாதை. கையெழுத்து வைக்கச் சொன்னனியல்லோ?”

டெல்சியிடம் முத்திரையை வாங்கினாள். கடிதத்தைப் பெட்டியின் மூடிமேல் விரித்து, தன் பெயருக்கு மேலே கையெழுத்துக்கென்று விட்டிருந்த கோட்டில் ஓங்கிக் குத்தினாள். நீலச் செம்மறியாடு நடுக்கோட்டில் நாலு காலையும் ஊன்றி நின்றது.

“மாமி, உங்களிட்டை அட்டை இல்லையே!” என்றாள் டெல்சி.

“இதுதான் பிள்ளை என்ரை அட்டை.”

அவள் கடிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ஜோன்சன் விரித்து வைத்த கதிரையில், ஆரும் சொல்லாமலே, தானே போய் இருந்து ஒரு றோல்ஸ் கேட்டாள்.