காந்தாரிக்கு ஒரு கல் உப்பு

தோளில் பொன்னாடை விழுந்த அதே நொடியில் இசக்கித்தாயின் கண்கள் மேலே செருகிக்கொண்டன. அம்மன் கோயில் மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் புருஷன் காசிலிங்கத்தைக் கேட்டால் இரண்டாயிரம் பேர் என்பார். எதையும் பத்தால் பெருக்காமல் சொல்ல அவருக்கு வராது. பாரதச் சொற்பொழிவின் நிறைவு நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. மேடையின் பின்னால் கட்டிய பேனரில் 'இக்காலக் காந்தாரி' என்று ஒரு முழ உயர எழுத்து, அதன் அடியில் ரேஷன் கார்டுக்கு எடுத்த இசக்கித்தாயின் படம். மாதர் சங்கத் தலைவி செல்வராணி அப்போதுதான் மைக்கை விழுங்காத குறையாக முழங்கி முடித்திருந்தாள். "கண்ணு தெரியாத புருசனுக்காகக் கண்ணக் கட்டுனா அந்தக் காந்தாரி! உப்பு ஆகாத புருசனுக்காக ஒம்போது வருசமா நாக்கக் கட்டியிருக்கா இந்தக் காந்தாரி!"

கைதட்டல் அடங்குவதற்குள் இசக்கித்தாய் ஆடினாள். முன்னும் பின்னுமாக, பனையோலை காற்றில் ஆடுவதுபோல. வாய் எதையோ குழறியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று எவளோ கத்த, குலவைச் சத்தம் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்வரை போயிருக்கும். ஒருத்தி தட்டில் சூடம் கொளுத்தினாள். இன்னொருத்தி மேடையில் ஏறிக் காலைப் பிடித்துக்கொண்டு, "எம்மவளுக்கு எப்பத்தா வரன் குதிரும்?" என்று கேட்டாள். இசக்கித்தாய், "அடுப்ப... அடுப்ப அமத்தணும்..." என்றாள். "ஆடி முடியணும்னு சொல்லுதா" என்று செல்வராணி மைக்கில் விளக்கம் சொன்னாள்.

அந்தக் கூட்டத்தில் காசிலிங்கத்துக்கு மட்டுந்தான் விளங்கியது. முப்பத்தெட்டு வருஷமாக வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் இசக்கித்தாய் சொல்கிற வார்த்தை அது. அம்மனுக்கு எதற்கு அடுப்பு? அவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடையில் கால் வைத்தார்.

"அண்ணாச்சி, செருப்போட ஏறாதிய! ஆத்தா நிக்கா!"

"ஏளா, அது ஆத்தா இல்ல, எம் பொண்டாட்டி!"

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நிமிர்வதற்குள் இசக்கித்தாய் பொன்னாடையோடு சரிந்து விழுந்தாள். விழுந்த பிறகும் ஒருத்தி அவள் நெற்றியில் திருநீறு பூசினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஜெப்ஸி சின்ன வயசு. "சோடியம் நூத்திப் பதினெட்டுதான் இருக்கு. நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். அம்மா சாப்பாட்டுல உப்புப் போடுறதே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எத்தன நாளா?"

"ஒம்போது வருசம்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வயசாகுது, வெயில் வேற, குடம் குடமா வெறுந்தண்ணி குடிக்காங்க, போன வாரம் வயித்துப்போக்கு வேற வந்திருக்கு. இப்ப சலைன் ஏத்துறோம். ஆனா வீட்டுக்குப் போயி உப்புச் சேக்கலைன்னா திரும்ப விழுவாங்க. அப்ப ஃபிட்ஸ் வரலாம், கோமாவுக்குப் போகலாம். புரியுதுல்லா அங்கிள்?"

புரியாமல் என்ன? முப்பத்தொரு வருஷம் உப்புக் கம்பெனியில் தரம் பார்த்தவர் காசிலிங்கம். கம்பெனியில் கண்ணாடிக் குழாயும் பரிசோதனை மேசையும் இருந்தன. ஆனாலும் முதலாளி நம்பியது அவர் நாக்கைத்தான். ஒரு கல்லை நுனிநாக்கில் வைத்தால் வேப்பலோடை உப்பளமா, முள்ளக்காட்டு அளமா, எந்தப் பாத்தி, எந்த மாதம் வாரியது என்று சொல்லிவிடுவார். வாரியவள் அன்றைக்கு மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாளா என்பதுகூடத் தெரிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

ஓய்வு பெற்ற மறு மாதமே கிட்னி காலை வாரியது. அன்றைய டாக்டர், "உப்பைக் குறைச்சுக்கோங்க" என்றுதான் சொன்னார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாத இசக்கித்தாய் அதை நிறுத்தினாள். நிறுத்தியதோடு விடவில்லை. உப்பு ஜாடியைத் தேய்த்துக் கழுவிக் கற்பூரவல்லி நட்டாள். செடி மூன்று தடவை பட்டுப்போய் நாலாவது தடவைதான் பிடித்தது. அன்று மத்தியானம் அவருக்கு எடுத்து வைத்த அதே சப்பென்ற குழம்பைத் தன் தட்டிலும் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு இல்லாத உப்பு எனக்கு என்னத்துக்கு?"

அன்றைக்கு அவர் கண் கலங்கத்தான் செய்தார். ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். இரண்டாவது வாரம்தான், எங்கோ ஒரு இடத்தில் ஏதோ உடைந்துபோனது தெரிந்தது. கிட்னிக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவர் மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நமக்கு உப்பு போனால் போகட்டும், இசக்கி தின்பாள், நாம் கேட்டுக்கொள்ளலாம். ஏனென்றால் ருசியைச் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆற்றங்கரையில் நெல் விளையும் ஊரில் பிறந்து கடற்கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள், முதல் தடவை சாளை மீன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "புளி வாசல்ல வந்து நிக்கி. உப்பு புதுப்பொண்ணு மாதிரி கதவுக்குப் பொறத்தால ஒளிஞ்சிருக்கு." அவருக்கு அதற்குப் பிறகுதான் அவள்மேல் பிரியமே வந்தது. இருபத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் கச்சேரிதான். மகன் சிவப்பிரகாஷ் தோஹாவுக்குப் போன பிறகும் அந்தக் கச்சேரி நிற்கவில்லை.

உப்பு நின்றதும் அது நின்றது. உப்பில்லாத சோற்றைப் பற்றி இரண்டு பேர் என்ன பேசிக்கொள்ள முடியும்? தட்டு, தண்ணீர், மின்விசிறி. அவள் தியானம்போலக் குனிந்து சாப்பிடுவாள். அவர் சுவரில் பல்லியைப் பார்ப்பார். ஒன்பது வருஷத்தில் அந்தப் பல்லிக்குப் பேரன் பிறந்திருக்கும். ஒருநாள் டீக்கடையில் எவனோ ஒரு வாய்ச்சண்டையில், "உப்புப் போட்டுத்தான சோறு திங்கிய?" என்று கேட்டுவிட, இவர் அமைதியாக, "இல்லையே" என்றார். கடையே வெடித்துச் சிரித்தது. ஜெயித்த குதூகலத்தில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார். அவள், "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். அவர் போய்ப் பல்லியைப் பார்த்தார்.

அவளைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கல்யாணப் பெண்கள் வந்து காலில் விழுந்தார்கள். தெருவில் அவருக்குத் திருதராட்டிரன் என்று பேர் விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நாலாம் நாள் வீட்டுக்கு வந்ததும் எழுந்த முதல் கேள்வி, விரதம் கலைந்ததா இல்லையா என்பது. செல்வராணி வந்து தீர்ப்புச் சொன்னாள். "சலைன் நரம்பு வழியால்லா ஏறிச்சி? நாக்குல படலல்லா? அப்ப கலையல." இசக்கித்தாய் முகம் தெளிந்தது. எதிர்வீட்டுச் சந்தனச்செல்வி மட்டும், "சோடியம்னா சோடாதானக்கா? தெனம் ஒரு பன்னீர் சோடா குடிங்க, சரியாயிரும்" என்றாள். இரண்டு நாள் பன்னீர் சோடா ஓடியது. சோடா பாட்டில்தான் காலியானது. மூன்றாம் நாள் இசக்கித்தாய் சுவரைப் பிடித்து நடந்தாள். காசிலிங்கத்தைப் பார்த்து, "அண்ணே, எப்ப வந்திய?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே திகைத்து நின்றாள்.

அவர் டீக்கடைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்து அவள் மோரில் கலந்தார். ஒரு வாய் வைத்தவள் அப்படியே நின்றாள். விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. புருவம் மெல்ல ஏறியது. கதவுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதைக் கேட்பவள்போல முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த முகத்தைக் காசிலிங்கம் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

பிறகு ஓடிப்போய்த் துப்பினாள். மூன்று தடவை வாய் கொப்பளித்தாள்.

"என்னக் கெடுக்கப் பாத்தியளே."

"ஏளா, நீ செத்துப்போவ. டாக்டர் சொன்னா."

"சாவுதேன். போட்ட பொன்னாடை கசங்கல, அதுக்குள்ள உப்புத் தின்னுட்டான்னு நாலு பேரு சொல்லுததுக்கு, செத்தாலும் குத்தமில்ல." வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்தாள். சத்தம் தணிந்தது. "ஊருக்காவா செஞ்சேன்? ஒங்களுக்காவத்தான செஞ்சேன்."

ஆமாம் என்று சொன்னால் அவள் சாக வேண்டும். இல்லை என்று சொன்னாலும் அவளுக்குள் ஒன்று செத்துப்போகும். ஒரு உப்புக் கல்லைப் பனங்காயாக்கிப் பேசுகிற மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ள அளவில் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்காவ ஒண்ணும் செய்யல நீ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு உப்பு போச்சு. போட்டும்னு இருந்தேன். நீ திம்ப, எப்பிடி இருக்குன்னு எனக்குச் சொல்லுவ, அது போதும்னு இருந்தேன். நீயும் வாயக் கட்டிக்கிட்ட. ஒம்போது வருசமா இந்த வீட்டுல ஒத்தையிலதான் சாப்பிடுதேன் இசக்கி."

"நான் எதுக்கத்தான இருந்தேன்?"

"இருந்த."

கற்பூரவல்லியில் ஒரு வண்டு வந்து உட்கார்ந்து எழுந்து போனது.

"அந்தக் காந்தாரி கண்ணத் தொறந்து வச்சிருந்தான்னா, நெலா எப்பிடி இருக்கு, பெத்த புள்ள யாரு சாயல்னாவது அந்த மனுசனுக்குச் சொல்லியிருப்பா. ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்து என்னத்தக் கண்டாவ?"

"அப்ப ஒம்போது வருசமும் வீணா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். கடையில் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். வீண் இல்லை என்று ஒரு வார்த்தை அவர் தொண்டைவரை வந்தது. அதை வெளியே விட்டால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நாக்கைக் கட்டிவிடுவாள் என்று பயந்தார். விழுங்கினார். அவர் விழுங்கியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியைப் பிடித்து எழுந்தாள். செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினாள். அவரும் வாசலுக்கு வந்தார். உச்சி வெயில், தெரு அகலம் இருபது அடிதான், அவள் அதைக் கடக்க இருபது நாள் ஆனதுபோல இருந்தது. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏளா சந்தனம், ஒரு கல்லு உப்பு இருந்தா குடு."

சந்தனச்செல்வி வெளியே வந்தாள். "யாருக்குக்கா? அண்ணாச்சிக்கா?"

"எனக்குத்தான்."

உப்பை யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் உறவு முறியும். சந்தனச்செல்வி ஒரு சின்னக் கிண்ணத்தில் கல்லுப்பைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு விலகி நின்றாள். இசக்கித்தாய் குனிந்து எடுத்தாள். முந்தானையால் மூடவில்லை. இத்தனை கண்களுக்கு நடுவே கிண்ணத்தை நெஞ்சளவில் பிடித்தபடி திரும்பி நடந்து வந்தாள். வரிசையில் நின்ற ஒருத்தி வழியிலிருந்து குடத்தை நகர்த்தி வைத்தாள்.

வீட்டுக்குள் வந்து தட்டைப் போட்டாள். சோறு, காலையில் வைத்த சாளைக் குழம்பு. உப்புக் கல்லை விரலால் நசுக்கிக் குழம்பில் கரைத்தாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எறங்காது. அங்கன திரும்புங்க."

நாற்காலியைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் தட்டு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. எப்பிடி இருக்கு என்ற ஒரு சொல் அவர் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

எதிர்வாசலில் சந்தனச்செல்வி இன்னும் அப்படியே நின்றாள். அவள் பார்வை காசிலிங்கத்தின் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார், அதில் தெரிவதைக் கொண்டு பின்னால் நடப்பதை அறிந்துகொள்ள. முதலில் அது வெறுமனே இருந்தது. பிறகு அவள் கண்கள் அகன்றன. வாய் லேசாகத் திறந்தது. கை மெதுவாக மேலே எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. பொத்திய கைக்குள் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று, அந்த வெயிலில், இருபது அடிக்கு அப்பாலிருந்து, அவருக்குத் தெரியவில்லை.