தீவுப் பறவைகளின் நீல வயிறு

பிப்பா கார்ஸ்வெல் எங்கள் தெருவில் எட்டாம் எண் வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவளுக்கு வேலை செத்த பறவைகளோடு என்பது தெரு முழுக்கத் தெரியும். அந்தச் செத்த பறவைகளால் அவள் சிரித்தே நாளாயிற்று என்பதும் தெரியும். எதிர்சாரி ஜன்னல்களில் திரைச்சீலை தொங்குவது வேறு எதற்கு?

ஊர்க்கோடியில் இருக்கும் பறவை அருங்காட்சியகத்தில், இழுப்பறை இழுப்பறையாகப் பஞ்சடைத்த பறவைகள் மல்லாந்து கிடக்கின்றன. எல்லாம் எந்தக் காலத்திலோ சுட்டுக் கொண்டுவந்தவை. பிப்பா ஒவ்வொன்றாக எடுத்து, வெளிறிய சாம்பல் நிறத் துணியில் கிடத்தி, நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா நிறமும் பதிகிற மாதிரி விளக்கைப் போட்டுப் படம் பிடிப்பாள். படத்தில் எது பறவை, எது துணி, எது தொண்டை, எது வயிறு என்று கணினி தானாகப் பிரித்துக்கொண்டு நிறத்தை அளக்க வேண்டும். அந்த நிறங்களைப் பறவைகளின் வம்சாவளியில் ஏற்றிப் பார்த்தால், இறகின் நிறம் லட்சக்கணக்கான வருடங்களில் எப்படி மாறி வந்தது என்று சொல்லிவிடலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் வருடம் முழுக்கக் கணினி அவளைப் படுத்தி எடுத்தது. காலில் கட்டிய பெயர்ச்சீட்டை அலகு என்றது. கண்குழியில் துருத்திய பஞ்சைக் கண்டு, வெள்ளைக் கண்வளையம் என்று புளகாங்கிதம் அடைந்தது. பிப்பா ஆயிரக்கணக்கான படங்களில் கையால் கோடு வரைந்து, இது வயிறு, இது வயிறு இல்லை என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தாள். அது கற்றுக்கொண்டது, மறந்தது, மறுபடியும் கற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை தவறாமல், இந்த ஆராய்ச்சிக்குத் தலைவரான பேராசிரியர் அலிஸ்டெர் ப்ரூம் தன் பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்து, ஏதாவது கிடைத்ததா என்று கேட்பார். அவள் வேலை செப்டம்பரோடு முடிகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் கூடும் ஜூன் மாதக் கூட்டத்தில் சொல்லும்படி ஏதாவது அகப்பட்டால் இன்னும் மூன்று வருடம் நீளும். இல்லையென்றால் ஹல் நகரத்தில் அப்பா அம்மா வீட்டுக்குப் போய், அவள் அறையில் இப்போது நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரியில் நோரிஸ் பெட்டிகார்ட் உதவிக்கு வந்தார். பன்னிரண்டாம் எண் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குப்பைத்தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். மனைவி பிரிந்துபோனதற்கும் அதுதான் காரணம் என்று சொல்வார்கள். நாங்கள் சொல்லவில்லை. சம்பளம் கிடையாது என்று தெரிந்தும் வாரம் மூன்று நாள் வந்தார். இழுப்பறையை இழுப்பார், பறவையைப் பூப்போல எடுத்துக் கொடுப்பார், பதினொரு மணிக்குத் தேநீர் போடுவார்.

அவர் வந்த நேரம், அதிர்ஷ்டமும் வந்தது. நிலப்பகுதிப் பறவைகளை முன்பே படமெடுத்து முடித்திருந்தார்கள். ஜனவரியிலிருந்து தீவுப் பறவைகள். அவற்றின் வெள்ளை வயிற்றில் கணினி நீலத்தைக் கண்டுபிடித்தது. ஒன்றிரண்டில் இல்லை, இனத்துக்கு இனம். தீவுக்குப் போன பறவைகளுக்கெல்லாம் வயிறு நீலத்தை நோக்கி வேகமாக மாறியிருக்கிறது என்று ஆயிற்று. ப்ரூம் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை, செவ்வாயன்றே அழைத்துவிட்டார். கூட்டத்தில் பேச அவள் பெயரையும் கொடுத்தாயிற்று. அந்த வாரம் பிப்பா கோழிக் கறிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீட்டியடித்தபடி தெருவில் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மே மாதம் ஒரு மழைநாள். கீழே விழுந்த பெயர்ச்சீட்டை எடுக்க பிப்பா குனிந்தபோது, துணியிலிருந்து லாவண்டர் வாசனை வந்தது. அந்த அறையில் பாச்சை உருண்டை நெடியைத் தவிர வேறு வாசனைக்கு இடமில்லை. அவள் அறை விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கை மட்டும் போட்டாள். டிஸ்கோ விளக்கில் வெள்ளைச் சட்டை ஜொலிப்பது போலத் துணி நீலமாக ஜொலித்தது.

"நோரிஸ், இந்தத் துணிய என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன், துவைச்சேன். வாராவாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப்போய். நாலு மாசமா ஒரு தேங்க்ஸ் கூட வரலையேன்னு பாத்துட்டுதான் இருந்தேன், கண்ணு."

"எதுல துவைச்சீங்க?"

"நல்ல பவுடர்லதான். வெள்ளை வெளேர்னு வரும். அந்தத் துணி இருந்த லட்சணத்துக்கு அதுல செத்த எலியக்கூடக் கெடத்த முடியாது."

வெள்ளை வெளேர் என்று காட்ட அந்தப் பவுடரில் ஒரு பொருளைக் கலப்பார்கள். புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக ஒளிரும். வெள்ளை வயிறு எங்கே முடிகிறது, துவைத்த துணி எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குத் தெரியவில்லை. ஓரத்துத் துணியையும் வயிற்றோடு சேர்த்து அளந்துவிட்டது. பிப்பா இதையெல்லாம் நோரிஸிடம் சொல்லவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துப்புரவு வேலைக்கு வரும் பெண்மணி சொன்னதை வைத்துப் பார்த்தால், நெடுநேரம்.

வெளியே வந்து ப்ரூமை அழைத்தாள்.

"பொய்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்றார் அவர்.

"நிச்சயமா தெரியாது. திரும்ப எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப கூட்டம் முடியட்டும். மூணு வருஷம் கைக்கு வந்ததும் நிதானமா எடுத்துக்கலாம். அவசரப்படாத, பிப்பா."

"நாம அளந்தது பறவைய இல்ல, அலிஸ்டெர். நோரிஸோட சலவைய."

"இதையே வேற யார்கிட்டயும் இப்படிச் சொல்லி வைக்காத."

அவள் சொல்லிவிட்டாள். கூட்டம் நடத்துகிறவர்களுக்கே எழுதி, பேச்சை விலக்கிக்கொண்டாள். நேர்மை என்பீர்கள். எழுதும்போது அவள் தட்டிய தட்டில் விசைப்பலகையின் ஒரு எழுத்து கழன்று விழுந்ததென்று கேள்வி. அந்த மூன்று வருடம் வௌவால் ஆராய்கிற யாரோ ஒருவருக்குப் போயிற்று. ப்ரூமின் வெள்ளிக்கிழமை அழைப்புகளும் நின்றன.

கோடை முழுக்க அவளும் நோரிஸும் தீவுப் பறவைகளைக் கறுப்புப் பஞ்சுப்பலகையில் கிடத்தி மறுபடி எடுத்தார்கள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து நோரிஸ் எதையும் தொடும் முன் கையைத் தூக்கிக் காட்டி அனுமதி கேட்டார். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நீலம் ஒவ்வொரு இனமாக மறைந்தது. ஆகஸ்டில், ஒன்றே ஒன்று மட்டும் மறையவில்லை. தேன்சிட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பறவை. வெள்ளை வயிறு, பார்க்க எந்த விசேஷமும் இல்லை. கணினி நீலம் என்றது. விளக்கை மாற்றினாள், நீலம். பஞ்சுப்பலகையை மாற்றினாள், நீலம்.

"நல்ல சேதிதானே?" என்றார் நோரிஸ்.

பிப்பா பறவையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பாச்சை உருண்டைதான் மணத்தது. ஆனால் இது நாலு மாதத்தில் எத்தனையோ முறை அந்தத் துணியில் கிடந்தது. துணியின் வெண்மை இறகில் கொஞ்சம் ஒட்டியிருந்தால்? கழுவிப் பார்க்க முடியாது. கழுவினால் இறகு போய்விடும். இந்த அருங்காட்சியகத்தில் இந்த இனத்துக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

நோரிஸின் கை படாத இன்னொன்று ஹாலந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. எழுதிக் கேட்டாள். மிக மரியாதையாகப் பதில் வந்தது. பறவை இருக்கிறது, கட்டட வேலை நடக்கிறது, அக்டோபரில் படமெடுத்து அனுப்புகிறோம்.

அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள். செப்டம்பர் முடிந்தால் அவளுக்கு மேசையும் இல்லை, வாடகை கட்டச் சம்பளமும் இல்லை.

நோரிஸ் தேநீர்க் கோப்பையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. அக்டோபர் வரைக்கும்னா இருந்துக்கோ. தெரு நாலு விதமா பேசும். அதுங்களுக்கு வேற வேலை என்ன?"

பிப்பா தலையைத் தூக்காமலே கேட்டாள். "பெட்ஷீட் எதுல துவைப்பீங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதே பவுடர்தான்."

செப்டம்பர் கடைசி நாள் எட்டாம் எண் வீட்டிலிருந்து இரண்டு பெட்டியும் ஒரு கணினியும் பன்னிரண்டாம் எண் வீட்டுக்குப் போயின. படுக்கை விரிப்பை அவளே கொண்டுபோனாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.