விற்பனைக்கு வராத பன்னிரண்டாவது படம்

காளிதாஸ், பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டினான். அவன் மனைவி பவானேஸ்வரியும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெம்பான் ஊரிலிருந்த தங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வண்ணங்களைப் பரப்பிக்கொண்டு படம் வரைவாள். காய்ந்ததும் பழைய போர்வையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுவாள். வெளி ஆள் கண்ணில் காட்டமாட்டாள்.

ஜாசினில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஹனீஃப், இன்டர்நெட்டிலேயே கடை போடலாம் என்று 1999இல் ஒருநாள் சொல்லிவைத்தான். காளிதாஸ் அதைப் பிடித்துக்கொண்டான். பவானேஸ்வரி ஒரு வாரம் மறுத்தாள். பார்க்கப்போகிறவர்கள் முகம் தெரியாதவர்கள்தானே என்று அவன் சொன்ன பிறகே பதினோரு படங்களுக்குச் சம்மதித்தாள்.

அவற்றைப் போட்டோ எடுக்க வெளியே இழுத்தபோது பன்னிரண்டாவதாக ஒன்று வந்தது. ஸ்டீரிங்கில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். காளிதாஸ்தான். அவன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவளிடம் சொல்லாமல் அதையும் போட்டோ எடுத்தான்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நாலு வரி வேண்டும் என்றான் ஹனீஃப். ஓவியத்தைப் பற்றிக் காளிதாஸுக்கு என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னான், ஹனீஃப் ஆங்கிலத்தில் தட்டினான். பப்பாளி மரம் வரைந்த படத்துக்கு, இந்தப் பச்சை சரியாக வர என் மனைவிக்கு மூன்று ஞாயிறு பிடித்தது, மூன்று நாளும் நான்தான் சமைத்தேன் என்று போட்டார்கள். தூங்குகிறவனுக்கு, இது நான், என் மூக்கு இவ்வளவு பெரிது இல்லை என்று போட்டார்கள்.

இரண்டு மாதம் ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொல்வான். அவள் நம்பவில்லை, ஆனாலும் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பாள்.

ஒரு சனிக்கிழமை இமெயில் வந்திருந்தது. ஸ்காட்லாந்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி, தூங்கும் டிரைவர் படம் வேண்டும் என்று எழுதியிருந்தாள். காளிதாஸ் வீட்டுக்குப் பறந்தான். எந்தப் படம் என்று தெரிந்ததும் பவானேஸ்வரியின் முகம் மாறிவிட்டது.

"அத ஏன் போட்டீங்க?"

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு லா."

"அது விக்கிறதுக்கு வரைஞ்சது இல்லீங்க. ஷிப்ட் முடிஞ்சு மொத ஆளா நான்தானே பஸ்ஸுக்கு வருவேன். நீங்க தூங்கிக்கிட்டு இருப்பீங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் கதவத் தட்டுவேன்."

ஒன்பது வருஷமாக அந்தத் தட்டலில்தான் அவன் விழித்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் இப்படி ஒன்று நடப்பது அவனுக்குத் தெரியாது. கிடைத்த ஒரே ஆர்டர் கைவிட்டுப் போகிறதே என்று வருத்தப்பட வேண்டியவன், சிரிப்பை அடக்கமுடியாமல் குளியலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டான்.

மனைவி தர மறுக்கிறாள் என்று, அவள் சொன்ன காரணத்தையும் சேர்த்துக் காளிதாஸ் சொல்ல, ஹனீஃப் பதில் அனுப்பினான். மறுவாரமே அந்த அம்மாளின் கடிதம் வந்தது. பவானேஸ்வரியின் இடத்தில் தான் இருந்தாலும் தந்திருக்கமாட்டாளாம். அப்படியானால் பப்பாளி மரத்தை அனுப்பச் சொன்னாள்.

அட்டைப்பெட்டியில் துணி சுற்றி இருவருமாகத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அனுப்புநர் என்ற இடத்தில் காளிதாஸ் தன் பெயரை எழுதினான். பவானேஸ்வரி அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அந்தப் பெயரை அடித்துவிட்டு, தன் முழுப்பெயரை நிதானமாக எழுதினாள். உள்ளே என்ன என்று கவுண்டர்காரர் மலாயில் கேட்டார். காளிதாஸ் வாய் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள், நான் வரைந்த படம் என்று.