அறிவித்தவை, பறந்தவை

நோய் வந்த அந்த வருஷம் எங்கள் சர்வதேச விமான நிலையத்தின் போக்குவரத்து எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயணிகள் நூற்றுக்கு எண்பத்திரண்டு குறைவு. விமானங்கள் நூற்றுக்கு எழுபத்தொன்று குறைவு. நாற்பத்தேழு கவுண்டரில் மூன்று திறந்திருந்தன. யாரும் தொடாத தள்ளுவண்டிகளைத் துப்புரவுக்காரர் தினமும் துடைத்து வைத்தார். இதையெல்லாம் எண்ணி எழுதியவளே நான்தான். புள்ளிவிவரப் பிரிவில் பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு.

என் தம்பி வெளிநாட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் வெல்டராக இருந்தான். வேலை நின்றுபோனது. ஒரே அறையில் பதினோரு பேர். ஜூன் மாதம், ஆட்களை மீட்டு வரும் சிறப்பு விமானத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. எனக்குப் போன் செய்தான்.

“அக்கா, ஏறிடவா? நெருக்கி நெருக்கி உக்கார வைக்கிறாங்களாம். பாதிப் பேருக்கு இருமல்.”

நான் கணினியைத் திறந்தேன். அடுத்த மாதம் எத்தனை விமானம் விடப்போகிறோம் என்று விமானக் கம்பெனிகள் மாதாமாதம் எங்களுக்கு அட்டவணை அனுப்பும். ஜூலைக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று போட்டிருந்தது. அவன் இருந்த ஊரிலிருந்து மட்டும் தினம் இரண்டு.

“அவசரப்படாதடா. அடுத்த மாசம் ரெகுலர் சர்வீஸே வருது. லிஸ்ட் என் கண்ணு முன்னாடி இருக்கு. நிம்மதியா காலை நீட்டிட்டு வரலாம்” என்றேன். பெரிய மேதாவி நான்!

அவன் இடத்தை விட்டுக்கொடுத்தான். ஜூலையில் பறந்தவை அறுபத்தொன்று. அவன் ஊரிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டுக்கும் அதே ஆயிரத்துச் சொச்சம் போட்டார்கள், அதே கதை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி அந்த அறையிலேயே அவனுக்கு மூச்சு முட்டிப் போனது. செப்டம்பரில் சரக்கு விமானத்தில் பெட்டியாக வந்து இறங்கினான்.

அவனைக் காத்திருக்கச் சொன்னது யார் என்று அவன் மனைவியிடம் நான் சொல்லவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை.

ஜனவரியில் ஆண்டறிக்கை வேலை. வழக்கமான பட்டியலில் நானாக ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். இடப்பக்கம் அறிவித்தவை, வலப்பக்கம் பறந்தவை. மேலாளர் அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பி அனுப்பினார். கீழே அவர் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: ‘சரக்கு வருகை நான்கு சதவீதம் உயர்ந்திருப்பது மனநிறைவு அளிக்கிறது.’

காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“என் கட்டத்தை ஏன் சார் அடிச்சீங்க?”

“நமக்கு எதுக்கும்மா அந்த வம்பு? கம்பெனிக்காரங்க கோவிச்சுக்குவாங்க. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, அதோட நிறுத்துங்க.”

“மாசாமாசம் இஷ்டத்துக்கு ஒரு நம்பரைப் போட்டு அனுப்புனாங்க. அதை நம்பி எத்தனை பேர் உக்காந்திருப்பாங்க? அது வெளியில தெரிய வேணாமா?”

“சரி சரி, உக்காருங்க. தண்ணி குடிங்க.”

“தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம். இந்தச் சரக்குல சவப்பெட்டி எத்தனைன்னு தெரியுமா சார்? இருநூத்திப் பதினாலு. அதுல ஒண்ணு என் தம்பி. பெட்டியோட நூத்திப் பதினாறு கிலோ. உங்களுக்கு அதுல மனநிறைவா? வயிறு எரியுது சார்!”

மேலாளர் முகம் சுண்டிவிட்டது. பேனாவை எடுத்துத் தான் எழுதிய வரியைத் தானே அடித்தார். என் கட்டத்தின் மேல் இருந்த கோட்டை மட்டும் அப்படியே விட்டார்.

“தம்பி விஷயம் கஷ்டமாதான் இருக்கு. ஆனா அந்த அட்டவணையை யாரும்மா நம்புவாங்க? ஓடுதளத்துல தன் நேரத்தை வேற கம்பெனி பிடிச்சிடக் கூடாதுன்னு போட்டு வைக்கிறது. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடவா தெரியாது?”

தெரியும். அதனால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரம். எல்லா வருஷமும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பறக்காது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டேன். சன்னலைத் திறந்தால் ஓடுதளம் வெறிச்சென்று கிடந்தது. அதைப் பார்க்காமல் திரையில் இருந்த எண்ணைப் பார்த்து என் தம்பிக்குப் புத்தி சொன்னேன்.

“வேற யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்று காகிதத்தை மேசையில் வீசிவிட்டு வந்தேன்.

வீட்டில் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“நான்தான் அவனை ஏற வேணாம்னு சொன்னேன். திட்டு, அடி, என்ன வேணா பண்ணு.”

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

“தெரியும் அண்ணி. அன்னிக்கே போன்ல சொன்னாரு. கிடைச்சதுல ஏறி வந்துடுங்கன்னு நான் அழுதேன். ‘ஏர்போர்ட்ல இருக்கிற அக்காவை விட உனக்கு ரொம்பத் தெரியுமோ’ன்னு என்னைத்தான் திட்டினாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசல.”

“அப்ப ஏன் நீ என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. “நாலு மாசம் இருந்தேன் அண்ணி!”