தேங்காய் அளவு எஞ்சின்

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன் வேலை. பகலெல்லாம் ‘பொறி பறக்கக் கூடாது’ என்று ஊரைக் கூட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொறி பறக்க வைக்கப் பாடுபடுவார். இப்படி ஒரு மனிதர் எனக்குத்தான் வாய்த்தார்.

பழைய லேத் ஒன்றை வாங்கி, வீட்டில் இருந்த ஒரே அறையில் இறக்கினார். லேத்துக்கு அறை, எங்களுக்குப் படுக்க வாசல் நடை. அதில் பெட்ரோலில் ஓடும் எஞ்சின் ஒன்றைக் கடைந்துகொண்டே இருந்தார், தேங்காய் அளவில். என் அலுமினிய இட்லிக் கொப்பரை உருகிப் பிஸ்டன் ஆனது. எத்தனை கொப்பரைக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்!

“இதை வச்சு என்ன செய்யப் போறீக?”

“ஓடும்.”

“ஓடி?”

“ஓடும் புள்ள.”

மூன்று தீபாவளி சீசன் முடிந்தது. கொசுக்கடியில் என் பொறுமையும் முடிந்தது. “பொங்கலுக்குள்ள ஓடணும். இல்லேன்னா எங்கண்ணன் வந்து லேத்தைத் தூக்கிட்டுப் போயிருவாக” என்றேன். சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை அவருக்கு.

பொங்கலன்று அண்ணன் பெத்தணன் டெம்போவும் ஆளுமாக வந்து, கரும்பைக் கடித்தபடி நின்றார். இவர் எஞ்சினுக்குப் பொட்டு வைத்தார். எங்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். நிலைப்படி ஓரம் ஒரு வாளி மணல் வைத்தார். ஆலைத் திறப்பு விழாதான், மந்திரி மட்டும் வரவில்லை.

கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த இழுப்பில் டப் என்றது. பக்கவாட்டில் சின்னதாய்த் தீ எட்டிப் பார்த்தது. டப் டப் டப்பென்று சக்கரம் சுற்றத் தொடங்கியது. நான் அச்சாபீசில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிறவள், எனக்கு என்ன தெரியும்? கை தட்டப் போனேன்.

அதற்குள் இவர் என் கையைப் பிடித்து ஓர் இழுப்பு. வாசலில் போய் விழுந்தேன். “வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய!” என்று கத்தியபடி, வாளி மணலையும் எஞ்சின் தலையில் கொட்டிவிட்டார். ஆலையில் தீயைக் கண்டால் முதலில் ஆள், அப்புறம் மண். இருபது வருஷப் பழக்கம்.

“நல்லா ஓட்டுனீக மாப்ளே!” அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஏலே, லேத்தைத் தூக்குங்கலே!”

இவர் மணல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். “கை தானாப் போயிருச்சு” என்றார். என் கையில் அவர் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. பழக்கம்தான், தெரியும். ஆனாலும் உயிரைக் கொடுத்துச் செய்த எஞ்சினை விட்டுவிட்டு முதலில் என்னைத்தானே பிடித்தார்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

“லேத்து இங்கனயே இருக்கட்டும்ணே. எஞ்சின் ஓடிருச்சு.”

“எம்புட்டு நேரம் ஓடுச்சாம்?”

“அணைக்கிற வரைக்கும்.”

இவர் தலை நிமிர்ந்தார்.

“நெசமாவா புள்ள? நான் தீயத்தான் பாத்தேன். சக்கரம் சுத்துச்சா?”