பெரிய மாவுப்பூச்சிகள்

மகள் கொல்லையில் குச்சியாக நட்டுவிட்டுப் போன திராட்சைக்கொடி, அவள் இறந்த மறுவருடம்தான் முதன்முதலாகக் குலை விட்டது. கூடவே மாவுப்பூச்சியும் வந்து சேர்ந்தது. காம்பிடுக்கெல்லாம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக.

என் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். மருந்தடிக்கலாம் என்றால் கேட்கிற ஆளா? அழுக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கியே பழகிய கை. கடையைப் பூட்டியதும் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, சின்ன இடுக்கியோடு கொடியடியில் போய் நின்றுவிடுவார்.

"பெரிசுங்களை முதல்ல தீர்க்கணும். அதுங்கதான் பெருகுது" என்பார். மகள் போனபின் அவர் முணுமுணுத்துப் பேசியதெல்லாம் அந்தக் கொடியிடம்தான். எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

பெரிசுகள் அடியோடு ஒழிந்தன. சின்னதுகளோ குலை முழுக்க மண்டிவிட்டன. காயெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்தது. எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

பொறுக்கமாட்டாமல் நாற்றுப்பண்ணைக்காரரைக் கூட்டிவந்தேன். இவர் பிடித்துப் போட்டிருந்த டப்பாவைத் திறந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயா, இது மாவுப்பூச்சி இல்ல. பொறிவண்டோட புழு. பார்க்கத்தான் அது மாதிரி வெள்ளையா இருக்கும். மாவுப்பூச்சியைத் தின்னு தீர்க்குறதே இதுதான். அது நகர்றதே தெரியாது. இது ஓடுமே, பார்க்கலையா?"

"ஓடுச்சு" என்றார் இவர். "ஓடினதைத்தான் விடக்கூடாதுன்னு துரத்தித் துரத்திப் பிடிச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். இவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"இந்த வருஷக் குலை போச்சு, வெட்டி எரிச்சிடுங்க. கொடி பிழைச்சுக்கும்" என்றார் பண்ணைக்காரர். "எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல். அது ஏறாம தண்டுல துணியைச் சுத்திக் கிரீஸ் தடவுங்க. அப்புறம் கையே வைக்காதீங்க. வண்டு தானா திரும்பி வரும்."

துணி சுற்றி முடித்துவிட்டுக் குலைகளை வெட்டினோம். நான் வெட்ட, இவர் வாளியை ஏந்திக்கொண்டு நின்றார். கடைசிக் குலையும் விழுந்தது.

"ஆஸ்பத்திரியில அவ கிடந்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. ஓரமா நில்லுங்க, நாங்க பாத்துக்கிறோம்னு" என்றார். "நின்னேன். இப்ப இதுக்கும் சும்மா நிக்கணுமாடி?"

"நிக்கத்தான் வேணும். நானும் கூட நிக்கிறேன்."

வாளியைக் கீழே வைத்தார். மகள் போனதற்கு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.