ருசிக்காரரின் இரண்டாவது வாய்

பிஸ்கட் ஃபேக்டரியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவருக்கு இடது உள்ளங்கையில் இன்னொரு வாய் திறந்தபோது, இரண்டாம் நம்பர் ஓவனிலிருந்து வெண்ணெய் பிஸ்கட் இறங்கிக்கொண்டிருந்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. ரேகை ஓடும் இடத்தில் தோல் மெல்லப் பிளந்து, உள்ளே நாலைந்து பால் பற்கள் தெரிந்தன. கம்பெனி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, ஆ காட்டச் சொன்னார். கை ஆ காட்டியது. ஈறு நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார். இனிமேல் அவருக்கு ஒரு டீயா, இரண்டு டீயா என்று கேண்டீனில் கொஞ்ச நாள் வாக்குவாதம் ஓடியது. ஒரே டீ என்று முடிவானது. ஏனென்றால் அந்த வாய் டீயைச் சீண்டவில்லை. அதற்கு வேண்டியது இனிப்பு. இனிப்பு கிடைக்காவிட்டால் எண்ணெயில் பொரித்தது.

அது எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். உண்மை ருசிக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் தொழிலில் விழுங்கக் கூடாது. கடிக்க வேண்டும், மெல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் வாளியில் துப்ப வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். விழுங்க ஆரம்பித்தால் நாக்கு மந்தமாகி, மத்தியானத்துக்குள் எல்லாத் தட்டும் ஒரே ருசியாகிவிடும். அந்த விஷயத்தில் அவர் நெருப்பு. ஒரு தூள்கூட உள்ளே போக விட்டதில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்ததும், கடித்தது போக மீந்த பாதித் துண்டுகளை இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டு வெளியே வருவார். துப்பச் சொன்னது வாயைத்தானே, கைக்கு யாரும் சட்டம் போடவில்லையே என்று மனசுக்கு ஒரு சமாதானம். கேட்டில் நிற்கும் காவலாளி அவருடைய மனைவியின் அண்ணன். மூடிய கை வருவதைப் பார்த்தால் வானத்தில் ஏதோ பறவையைத் தேட ஆரம்பித்துவிடுவார். பஸ் ஸ்டாப் வருவதற்குள் கை காலியாகியிருக்கும். வருஷக்கணக்காக இப்படியே போயிற்று. பிறகு அந்தக் கை தன் பங்கைத் தானே சாப்பிட ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

பேச்சும் சீக்கிரமே வந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணு" என்றது. குரல் உடைவதற்கு முன்னால் ருசிக்காரருக்கு இருந்த அதே குரல். பஸ்ஸில், முடிவெட்டும் கடையில், துக்க வீட்டில் என்று இடம் பொருள் பார்க்காமல் "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்று நச்சரிக்கும். அந்த ஒன்று கிடைத்தால் அடுத்த ஒன்றைக் கேட்கும். சமையலறையில் சர்க்கரை டப்பா மேல் அவர் சும்மா கை வைத்தால்கூட டப்பா பாதியாகும். கையுறை மாட்டிப் பார்த்தார், மென்று துப்பிவிட்டது. மச்சானுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. "மாப்ள, இன்னிக்கு உங்ககிட்ட பேசவா, உங்க கைகிட்ட பேசவா? அதுதான் கேட்டா உண்மையைச் சொல்லுது" என்று கேட்டிலேயே நிறுத்தி வம்பிழுப்பார். "என்ன சாப்பிட்டே ராசா?" என்று குனிந்து கேட்டால், கை ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ருசிக்காரரும் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு அடங்க அதிக காலம் ஆகவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. கண்ணில் புகை படிந்தது. செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் கறுத்து, வலது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மறுவருஷம் அதன் பக்கத்து விரலையும். ருசிக்காரர் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டார். வாய் அதைவிடத் தவறாமல் தின்றது. அவருடைய மனைவிக்கு இந்தப் பாதை புதிதில்லை. பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே அப்பாவின் காலுக்குக் கட்டுப்போட்டவள் அவள். இரண்டாவது விரல் போன வாரம், கட்டை அவிழ்த்து மருந்து வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடியே சொன்னாள்:

"எங்கப்பாவுக்கு முதல்ல விரலுதான் போச்சு. அப்புறம் பாதம். அப்புறம் முட்டி. கடைசியில கழுவறதுக்குக் காலே இல்ல. இன்னொருத்தருக்கு அதை என்னால பார்க்க முடியாதுங்க."

"நான் எங்க சாப்பிடறேன்? இதுதான் சாப்பிடுது."

"அப்ப சர்க்கரை யாரு ரத்தத்துல ஏறுது?"

கை மட்டும் "ஒண்ணே ஒண்ணு" என்றது. அவள் அழவில்லை, கத்தவில்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். போகிறபோது பின்சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு கொடி படர்ந்திருந்தது. அதன் இலையை மென்றால் நாக்கில் இனிப்பு செத்துவிடும். அதற்கப்புறம் சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் மணலைத் தின்பதுபோல இருக்கும். அப்பாவுக்காக நட்டு, அவருக்கு உதவாமல் போய், கல்யாணமாகி வந்தபோது அவள் கூடவே கொண்டுவந்த கொடி. "தண்ணி ஊத்துங்க. மெல்லணும்னு தோணினா மெல்லுங்க. கால் அப்படியே இருந்தா சொல்லி அனுப்புங்க, வரேன்" என்றாள். தண்ணீர் ஊற்றினார். மெல்லவில்லை. இனிப்பு தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு ருசி பார்க்கிறவன் எதைச் சாப்பிட்டுப் பிழைப்பது?

அவள் போன பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று இருந்தது கையின் குரல் மட்டும். பிள்ளைகள் இல்லாத வீடு. நாற்காலிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சாயங்காலம் அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கையை மடியில் மல்லாத்தி வைத்தால், அது ஃபேக்டரிக் கதைகளைக் கேட்கும். கதைக்கு நடுவில் கேட்டதை அவர் கொடுப்பார். கொடுக்கக் கூடாது என்று தெரியும். கொடுக்காவிட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். அந்த நிசப்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் இருள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கை தின்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

போதகரைக் கூட்டிவந்தது மச்சான்தான். போதகர் இளவயசுக்காரர், ஒல்லி, இதுதான் அவருக்கு முதல் சபை. பிசாசு என்று நினைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, தொண்டை கட்டும்வரை ஜெபித்தார். கை ஒவ்வொரு வரி முடிவிலும் மரியாதையாக "ஆமென்" சொன்னது. சபைப் பெண்கள் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். அவர்கள் வயிறு காய்ந்து உட்கார்ந்திருக்க, கை ஒவ்வொரு பலகாரமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். போதகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"பிசாசா இருந்தா இதுக்குள்ள ஓடியிருக்கும்ணே. இது உங்களோடது."

"என்னோடதா இருந்தா நான் சொன்னதைக் கேக்கணுமே பாஸ்டர்?"

"நீங்க இது வேற யாரோங்கற மாதிரியே பேசறீங்க. அது எப்படிக் கேக்கும்? துரத்த வேண்டாம்ணே. கூட்டிட்டு வாங்க."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. ருசிக்காரரும் கேட்கவில்லை. வாய் திறந்த நாளிலிருந்து அவர் ஆராதனையில் அப்பம் வாங்கும் திருவிருந்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். மற்றவர்கள் எழுந்து முன்னால் போகும்போது, கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது, டாக்டர் பாதத்தில் புதிதாக வந்திருந்த புண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த முறை விரலோடு நிற்காது, கணுக்காலுக்கு மேலே போகும், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்த ருசிக்காரர் நேராகப் பின்சுவருக்குப் போனார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி, இடது உள்ளங்கையில் வைத்து மூடினார். கை அலறியது. அடிபட்ட பையன்போல விசும்பி விசும்பி அழுதது. "நான் என்ன பண்ணேன், நான் என்ன பண்ணேன்" என்று கேட்டது. சர்க்கரையை எடுத்துக் கொடுத்தார். மணல் என்று துப்பியது. அவருக்கு வெற்றி கிடைத்த சந்தோஷம் இல்லை. ஒரு குழந்தையின் வாயில் மண்ணைத் திணித்த மாதிரி இருந்தது. இலையின் வீரியம் குறைந்ததும் அது பழையபடி கேட்டது. அவர் மறுபடி இலையை வைத்தார். வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போனபோது, இருவருமே களைத்துப்போயிருந்தார்கள்.

அன்று அவர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். விரல் இல்லாத காலை இழுத்துக்கொண்டு போய், மற்றவர்களோடு முழங்காலில் நின்றார். அந்தச் சபையில் வலது கையை மேலே வைத்து, இடது கையை அதற்குக் கீழே தாங்கலாகக் கொடுத்து, அப்பத்தை வலது உள்ளங்கையில்தான் வாங்குவார்கள். அவரும் அப்படித்தான் நீட்டினார். கீழே இருந்த வாய் தன் மேல் மூடியிருந்த கையில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. போதகர் பக்கத்தில் வந்துவிட்டார். அப்பம் இறங்கும் அந்த நேரத்தில் ருசிக்காரர் கைகளை மாற்றினார். இடது கை மேலே வந்தது. பக்கத்தில் நின்ற மச்சான், "மாப்ள, மாப்ள" என்று முணுமுணுத்தார். போதகர் ஒரு நொடி நின்றார். பிறகு, எல்லோருக்கும் சொல்லும் அதே வார்த்தையைச் சொல்லி, துண்டை அந்த வாயில் வைத்தார்.

அதில் இனிப்பு இல்லை. எண்ணெய் இல்லை. வாய் அதை வெகுநேரம் மென்றது. சபை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டது. மென்று, விழுங்கி, மூடிக்கொண்டது. இன்னொன்று கேட்கவில்லை. ருசிக்காரர் தன் பங்குக்கு வலது கையை நீட்டினார். போதகர் குனிந்து, "கொடுத்தாச்சுண்ணே. வாங்கினது நீங்கதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். ருசிக்காரர் அழுதது அப்போதுதான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். செவ்வாய்க்கிழமை கை மறுபடி கேட்டது. ஆனால் அவருக்கு ஒன்று தெரிந்துவிட்டது: அதற்குப் போதும் என்ற நிலை ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அவர் இலையைக் கையில் மட்டும் வைக்கவில்லை. ஒன்றைத் தன் வாயிலும் போட்டு மென்றார். இரண்டு வாயும் ஒன்றாகக் கசந்தன. காலையில் ஊறவைத்த வெந்தயம், பாகற்காய்ச் சாறு, கொடியின் இலை, மாத்திரை. அதற்கு முன்னால் அவரும் கையும் சேர்ந்து சொல்லும் ஜெபம். அன்றைக்கு வேண்டிய ஆகாரத்தை மட்டும் கேட்கும் இடத்தில் கை முதலில் திக்கும்; நாளைக்கும் சேர்த்துக் கேட்டால் என்ன என்று தர்க்கம் பண்ணும். "இன்னிக்கு மட்டும்தான்" என்று அவர் திரும்பச் சொல்வார். மழைக்காலம் முழுக்க அந்த ஒரு வரியிலேயே போனது. இடையில் ஃபேக்டரியில் அவர் வெண்ணெய் பிஸ்கட்டை மென்று, அட்டை மாதிரி இருக்கிறது என்று ஒரு முழு ஓவனையும் திருப்பி அனுப்பினார். மேனேஜர் கூப்பிட்டு, "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார். "நாக்கை விட்டுட்டேன் சார்" என்றார் ருசிக்காரர். மறுநாளிலிருந்து அட்டைப்பெட்டிப் பிரிவில் டேப் ஒட்டினார். அவருடைய எவர்சில்வர் வாளி வேறொருவருக்குப் போயிற்று. ருசி பார்க்கிறவனைப்போல டேப் ஒட்டுகிறவனை யாரும் எழுந்து நின்று கும்பிடுவதில்லை, அதுவும் பழகிப்போனது.

காலில் புண் ஓரங்களிலிருந்து சிவந்து, சுருங்கி, மூடியது. போன விரல்கள் போனவைதான். கண்ணில் படிந்த புகையும் விலகவில்லை. டாக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இப்போதைக்கு வெட்ட ஒன்றும் இல்லை என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னதுபோல இருந்தது. உள்ளங்கை வாய் மூடிக்கொள்ளவில்லை. பால் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, புதியவை முளைக்கவில்லை. பேச்சு குறைந்து, வீட்டில் நிசப்தம் கூடியது. ருசிக்காரர் அதற்குள்ளேயே இருக்கப் பழகினார். போதகர் மாற்றலாகிப் போய், புதிதாக வந்தவர் கைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று இரண்டு துண்டு எடுத்தபோது, சபைப் பெண்களே, "ஒரு ஆளுக்கு எதுக்கு பாஸ்டர் ரெண்டு?" என்று திருத்தினார்கள்.

அவர் சொல்லி அனுப்ப, மனைவி வந்த அன்று அவள் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "மாப்ள, கேட்ல செக் பண்ணாமலே உள்ள விடறேன், பார்த்துக்குங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவள் பெட்டியை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, "காலைக் காட்டுங்க" என்றாள். ருசிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து, குதிகாலை அழுத்தினாள், இருந்த விரல்களை விலக்கினாள், முகர்ந்து பார்த்தாள். அழுகலை அப்படித்தான் கண்டுபிடிப்பாள், சின்ன வயசிலிருந்து. பிறகு அவர் இடது கையைப் பிரித்தாள். பல் இல்லாத வாய், உலர்ந்த உதடு. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று புரியாமல் இருவருமே பதில் சொல்லவில்லை. அவள் எழுந்து பெட்டியை உள்ளே எடுத்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பினார்கள். கையில் வாய் திறந்ததிலிருந்து அவள் அவருக்கு வலது பக்கமாகத்தான் நடப்பாள். இப்போது வலது கையில் ஊன்றுகோல் இருந்தது. பெரிய தெருவில் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. அவருக்குக் கண்ணும் சரியாகத் தெரியவில்லை. அவள் சுற்றி வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையில், தூங்குகிற பிள்ளையின் மூச்சுபோல, வெதுவெதுவென்று காற்று பட்டது. "உங்களுக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். "எனக்கு இல்ல" என்றார் அவர். "சரி, மெதுவாவே போலாம்" என்று சொல்லி, கையை விடாமல், அவள் தெருவைக் கடந்தாள்.